வெட்டும் வசதியுள்ள ரெக்கார்டர்

காந்திபுரத்தில் பழைய டிவி, டேப் ரெக்கார்டர் வாங்கி விற்கும் கடை அது. கடைக்காரர் நாகூர் மீரான் மேசை மேல் இரண்டு பெட்டிகளைத் துடைத்து வைத்திருந்தார். வீடியோ கேசட்டில் இருப்பதை டிவிடியில் பதிந்து தரும் ரெக்கார்டர்கள். கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், டிவியோடு இணைத்தால் போதும். இப்போது யாரும் இதைப் புதிதாகச் செய்வதில்லை என்றும், துபாயிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்தவுடனேயே இரண்டில் எது வேண்டும் என்று மோகனப்பிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் வேண்டும் என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது.

மகள் வர்ஷினிக்குத் தை மாதம் கல்யாணம். ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் பெரிய திரை வைக்கிறார்கள். அதில் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் கல்யாணமும் பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணமும் கொஞ்சம் கொஞ்சம் ஓட வேண்டுமாம். பெங்களூரிலிருந்து தினமும் போன் பண்ணி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள் வர்ஷினி. அவள் சிநேகிதி ஒருத்தி தன் வீட்டுக் கேசட்டை ஏதோ ஒரு வயர் கொடுத்து லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தாளாம். மேளம் முதலில் கேட்டதாம், மேளக்காரன் கை பிறகுதான் ஆடியதாம். ஸ்டுடியோவில் கேட்டால் கேசட்டைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். இருப்பது ஒரே கேசட், அதை லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது என்று கணவர் கிருபாசங்கர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிருபாசங்கர் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறார். மிக்ஸி வாங்குவதென்றாலும் மோட்டாரைக் கழற்றிக் காட்டச் சொல்கிற ரகம். இரண்டு பெட்டிகளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு முதல் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம் கேசட் போடலாம், மறு பக்கம் டிஸ்க் போடலாம். நடுவில் ஒரு பொத்தான். அமுக்கினால் உள்ளது உள்ளபடி இறங்கிவிடும். இரண்டாவது பெட்டியில் கேசட் போட இடமே கிடையாது. கேசட் ஓட்டும் டெக்கைத் தனியாக வைத்து வயர் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்குள் ஹார்ட் டிஸ்க் இருந்தது. முதலில் அதில் பதிந்துகொண்டு, பிறகுதான் டிவிடிக்கு மாற்ற வேண்டும்.

“இதுல பதிஞ்சதுக்கப்பறம் வேண்டாததை எடுத்துரலாமுங்களா?” என்று மோகனப்பிரியா கேட்டாள்.

“தாராளமா எடுக்கலாங்க. எங்கிருந்து எது வரைக்கும்னு ரெண்டு எடத்துல அமுக்குனீங்கன்னா, நடுவுல இருக்கறது போயிரும். போனதே தெரியாது.”

“சத்தத்தை மட்டும் எடுக்க முடியுங்களா?”

“அது முடியாதுங்க. போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும்.”

“அப்ப இதே இருக்கட்டுங்க.”

கிருபாசங்கர் திரும்பி அவளைப் பார்த்தார். “கல்யாணக் கேசட்டுல வெட்டறதுக்கு என்ன இருக்குது மோகனா?”

“பந்தியில சாப்புடறதையே எவ்வளவு நேரம் எடுத்து வெச்சிருக்கறாங்க. அதையெல்லாம் யாருங்க பாப்பாங்க?”

“அதைத்தான் மொதல்ல பாக்கோணும். அந்தப் பந்தியில உக்காந்தவங்கள்ல பாதிப் பேரு இன்னிக்கு இல்ல.”

“விடுங்க சார்,” என்றார் நாகூர் மீரான். “எதை வெட்டோணும்னு வீட்டம்மாவுக்குத் தெரியும். எங்கூட்டுல கல்யாணக் கேசட்டுல என்னையவே வெட்டிப் போடோணும்னு சொல்லிட்டிருக்குது.”

கிருபாசங்கர் வாய்விட்டுச் சிரித்தார். மோகனப்பிரியாவும் சிரித்து வைத்தாள். முகம் காந்தலாக எரிவதை மறைக்க முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் ஒரு வார்த்தை. அதை அழிக்க நாற்பத்தேழு வயதில் மிஷின் தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கிருபாசங்கருக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு அக்கா, ராசாத்தாள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தோட்டம். இவர்கள் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான் கரும்பு லோடு லாரி கவிழ்ந்து ராசாத்தாளின் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்ய வேண்டியது கூடப் பிறந்தவள். தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தச் சீரை வாங்கிக்கொண்டால்தான் கல்யாணம் நிறையும் என்பார்கள். ஆனால் தாலி இழந்தவளை மணவறைக்குக் கூப்பிட அன்றைக்கு யாருக்கும் மனம் வரவில்லை. பெரியப்பா மகள் சுலோச்சனாவை உட்கார வைத்து முடித்தார்கள். ராசாத்தாள் முகூர்த்தம் முடிகிற வரைக்கும் சமையல் கட்டுப் பக்கமே நின்றார்.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, மேடை காலியான நேரத்தில்தான் தம்பியை ஆசீர்வதிக்க மேலே வந்தார்.

அவர் படியேறுவதை மணப்பெண் பார்த்தாள். கோவையில் பி.காம். படித்த பெண். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் அம்மாகூட அப்போது பக்கத்தில் இல்லை. வெறும் நெற்றியோடு ஒரு பெண் தன் கல்யாண வீடியோவில் வந்துவிடுவாளே என்று பயந்து, வீடியோக்காரரிடம் குனிந்து, கேமராவைத் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். அவரும் திருப்பிக்கொண்டார். கேசட் முழுக்கச் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்த அந்த மனிதர், ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு தொடங்குகிற இடத்தில் கொஞ்சம் சும்மா விட்டிருந்தார். அந்த இடைவெளியில் விழுந்திருந்தது அவள் குரல்.

கல்யாணமாகி இரண்டு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தாள். பார்த்ததும் கேசட்டைத் தன் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். யார் கேட்டாலும் பூஞ்சை பிடித்துவிட்டது, டெக்கைக் கெடுத்துவிடும் என்று சொல்லிச் சமாளித்தாள். பிறகு காலப்போக்கில் கேட்பாரும் இல்லாமல் போனார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளைத் தின்றது. வர்ஷினி பிறந்தபோது மோகனப்பிரியாவின் அம்மா உயிரோடு இல்லை. பிரசவத்துக்கு வந்து நின்றவர் ராசாத்தாள். மருந்துக் குழம்பு வைத்தவரும், குழந்தைக்குக் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தவரும் அவர். மோகனப்பிரியாவுக்குப் பாங்கில் வேலை கிடைத்து உடுமலைக்குப் போட்டபோது, வர்ஷினியைக் கோபிக்குத் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடம் சேர்கிற வயது வரைக்கும் வளர்த்தவரும் அவர்தான். தன் கல்யாணத்தில் மேடைக்கு முதலில் ஏற வேண்டியது அத்தைதான் என்று வர்ஷினி இப்போதே இரண்டு வீட்டாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டபோது எல்லோரும் மகிழ்ந்து போனார்கள். மோகனப்பிரியா மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ராசாத்தாளுக்குத் தம்பி மனைவி என்றால் உயிர். தம்பியோடுதான் பேச்சு கிடையாது. சண்டை என்று சொல்ல முடியாது. அவன் கம்பெனிக்குப் போன பிறகு வருவார், அவன் திரும்புவதற்குள் பஸ் ஏறிவிடுவார். போனில் அவன் எடுத்தால், “மோகனாகிட்டக் குடு” என்பதோடு சரி. இணைச்சீரைச் சுலோச்சனாவுக்குக் கொடுத்த கோபம்தான் அக்காவுக்கு என்று கிருபாசங்கர் நினைத்திருந்தார். ஒருமுறை மட்டும் மனைவியிடம், பெரியவர்கள் முடிவு பண்ணியதை அன்றைக்கு நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று சொல்லி வருந்தினார். மோகனப்பிரியாவும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

கடைசியில் வெட்டும் வசதியுள்ள பெட்டியைத்தான் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கினால், கேசட்டை உள்ளே இழுத்துக்கொண்டு உறுமிவிட்டு நின்றது. கிருபாசங்கர் திறந்து பார்த்தார். உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது.

“அந்த மொதல் பெட்டிய வாங்கியிருந்தா இந்தப் பாடு இருந்திருக்குமா? வெட்டோணும் வெட்டோணும்னு நின்ன. இப்ப ஓட்டறதுக்கே வழியில்ல,” என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அக்காகிட்ட டெக் இருக்குது. மச்சான் வாங்குனது. இன்னும் ஓடுதாம். நீ கேளு. நான் கேட்டா ‘ம்’முனு சொல்லி வெச்சுரும்,” என்றார்.

மோகனப்பிரியா வேறு டெக் விலைக்குத் தேடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். கிருபாசங்கர் அதற்குள் போனில் எண்ணைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ராசாத்தாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிருபாசங்கர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று மோகனப்பிரியா சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. அந்த டெக்குக்குச் சில கிறுக்கு உண்டு, கேசட்டைத் தள்ளும்போது இடது பக்கம் ஒரு தட்டு தட்ட வேண்டும், அது எனக்குத்தான் வரும், நானே கொண்டுவருகிறேன் என்றார்.

“அதுமில்லாம, நானும் பாக்கோணும் கண்ணு. உங்க கல்யாணத்த நான் எங்க பாத்தேன். சமையக்கட்டுலயே நின்னுட்டேன்.”

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து, காந்திபுரத்தில் ஆட்டோ பிடித்து, போர்வையில் சுற்றிய டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார் ராசாத்தாள். கிருபாசங்கர் கம்பெனிக்குப் போயிருந்தார்.

மோகனப்பிரியா ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மகள் லேப்டாப்பில் படங்களைக் காப்பி எடுக்கிறபோது பார்த்திருக்கிறாள்; ஒரு பச்சைக் கோடு ஓடும், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இதுவும் அப்படித்தான் இருக்கும், நங்கையைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு வேலையை முடித்துவிடலாம் என்று இருந்தாள். கணவனின் அக்காவை நங்கை என்றுதான் அவர்கள் பக்கம் கூப்பிடுவார்கள். வயரைச் செருகி, டெக்கை ஓடவிட்டு, ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் புரிந்தது. கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓடித்தான் தீரும். மூன்று மணி நேரம். அதுவரை நங்கை எதிரில் உட்கார்ந்திருப்பார்.

“டிவிய அணைச்சுப் போடலாங்க. மிஷினு பாட்டுக்குப் பதியட்டும்,” என்றாள்.

“எதுக்கு? ஓடறது ஓடட்டும்,” என்று சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார் ராசாத்தாள்.

வாழை மரம் கட்டிய வாசல் வந்தது. யார் யாரோ வந்தார்கள். ராசாத்தாளுக்கு ஒருவரும் தப்பவில்லை.

“அதா பாரு, தாராபுரத்துப் பெரியப்பன். தாலி கட்டறப்பக் கூட வெத்தல துப்பச் சமையக்கட்டுப் பக்கம் வந்துட்டாரு அந்த மனுசன்.” கொஞ்சம் கழித்து, “இவ கொண்டைய என்னன்னு சொல்லறது. தூக்கணாங்குருவி வந்து கட்டிட்டுப் போயிருச்சாட்ட இருக்குது.”

மோகனப்பிரியாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு, இவரோடு உட்கார்ந்து சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நெஞ்சு குறுகிப் போனது. இப்படி ஒரு காலைப்பொழுதை எத்தனை வருஷம் முன்னாலேயே இருவரும் சேர்ந்து அனுபவித்திருக்கலாம். கேசட்டுக்குப் பூஞ்சை என்று சொன்னவள் அவள்தானே.

இணைச்சீர் வந்தபோது ராசாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டார். சுலோச்சனா பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, கிருபாசங்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சடங்கு நடத்தும் அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கிற வரைக்கும் ராசாத்தாள் இமைக்காமல் பார்த்தார்.

“சுலோச்சனா நல்லாத்தான் செஞ்சிருக்கறா,” என்றார் கடைசியில்.

தாலி கட்டியாயிற்று. மொய்க் கவரோடு வரிசையாக வந்தவர்கள் குறைந்தார்கள். மோகனப்பிரியா காப்பி வேண்டுமா என்று கேட்டாள். இப்போதுதானே குடித்தேன் என்றார் ராசாத்தாள். கொல்லையில் கறிவேப்பிலைச் செடி எப்படிப் பிடித்திருக்கிறது என்று வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டாள். சாயங்காலம் பார்க்கலாம் என்றார். மேடை காலியாகிக்கொண்டிருந்தது. பாட்டு முடியப் போகிறது என்று தெரிந்தது.

“தலை வலிக்குதுங்க. சத்தத்தைச் சித்தெ கொறைக்கறேன்,” என்று சொல்லி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்க அணைத்தாள்.

திரையில் படம் ஒரு ஆட்டம் ஆடி மேலே போனது. மண்டபத்துச் சீரியல் பல்புகள், ஓடாத ஒரு மின்விசிறி, தோரணத்தின் ஒரு முனை. கேமரா அங்கேயே நின்றது. படத்தின் கீழ் ஓரத்தில், மணப்பெண்ணின் தலை உச்சி கொஞ்சம் தெரிந்தது. அதன் மேல் ஒரு கை வந்து படிந்தது. வளையல் இல்லாத கை. கட்டை விரலுக்குக் கீழே ஒரு தழும்பு.

ராசாத்தாள் சட்டென்று முன்னால் குனிந்தார்.

“நிறுத்து கண்ணு. நிறுத்து. அது என்ற கை.”

மோகனப்பிரியா டெக்கை நிறுத்தினாள்.

“சக்கரைப் பாகு பட்டுச்சே, அந்தத் தழும்பு பாரு. என்ற கையேதான்.” அவர் தன் வலது கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கல்யாணக் கூட்டத்தில் தன்னைக் கண்டுபிடித்த சின்னப் பெண்ணைப் போல முகம் மலர்ந்திருந்தது. “மூஞ்சி வராட்டிப் போச்சாது, கையாச்சும் இருக்குதே. நான் உங்க கல்யாணத்துல இல்லவே இல்லைன்னுதான் நெனைச்சிருந்தேன். கொஞ்சம் பின்னால போ. சத்தம் வை. உனக்கு நான் என்ன சொல்லி ஆசீர்வாதம் பண்ணுனேன்னு மறந்து போச்சு. அதைக் கேக்கோணும்.”

“அந்த எடத்துல சத்தம்...” என்று தொடங்கினாள் மோகனப்பிரியா.

பதியவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். நங்கை நம்புவார். பூஞ்சை என்றதை நம்பியவர், இதையும் நம்புவார். சாயங்காலம் அவர் போன பிறகு இரண்டு இடத்தில் அமுக்கினால், நடுவில் இருப்பது போய்விடும். அந்தக் கையும் போய்விடும். மூன்று மணி நேரக் கேசட்டில் ராசாத்தாள் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். அவள் வெட்டி எறியத் துடித்த அதே இடத்தில்.

ராசாத்தாள் இன்னும் கையை நீட்டியபடி, ஆசையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனப்பிரியா கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். சத்தத்தை ஏற்றினாள். தரையில், அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

பாட்டு முடிந்தது. மண்டபத்து இரைச்சல். பிறகு மிக அருகில், மூச்சுக் காற்றோடு, இளம் குரல்.

“அண்ணா, அவங்க வர்றாங்க. கேமராவ அக்கட்டால திருப்பிக்குங்க. அவங்க இதுல வேண்டாம்.”

படம் மேலே போனது. பல்புகள், மின்விசிறி, தோரணம். கை வந்து படிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குரல் கேட்டது. “நல்லா இருங்க கண்ணு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் உட்டுக் குடுக்காம நூறு வருசம் நல்லா இருங்க.” அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

ராசாத்தாள் நீட்டியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டார். டிவியில் பந்தி ஓடத் தொடங்கியது. யாரோ ரசம் ஊற்றினார்கள், யாரோ சிரித்தார்கள். மோகனப்பிரியா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“அது உன்ற கொரலா?”

“ஆமாங்க.”

“தம்பி சொல்லுலியா?”

மோகனப்பிரியாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. “அவரு எதுக்குங்க சொல்லறாரு? அவருக்கு இது தெரியவே தெரியாதுங்க. இந்தக் கேசட்டையே அவரு முழுசாப் பாத்ததில்லீங்க. நான் யாருக்கும் காட்டுலீங்க.”

“நான் படியேறி வாரேன். அவன் கேமராக்காரனப் பாத்துக் கையத் தூக்குனான். உடனே கேமரா திரும்பிருச்சு. என்ற கண்ணால பாத்தேன்.” ராசாத்தாளின் குரல் கரகரத்தது. “என்ற தம்பியே என்னைய வேண்டாம்னு சொல்லிப்போட்டான்னு நெனைச்சேன். புருசன் போயி ஆறு மாசம். சுலோச்சனாவ உக்கார வெச்சதக் கூடப் பொறுத்துக்கிட்டேன், அது பெரியவங்க பண்ணுனது. இதத்தான் பொறுக்க முடியல.”

“வேர்வை தொடைச்சிருப்பாருங்க. மாலையச் சரி பண்ணியிருப்பாரு.”

“இத்தன வருசமா அவங்கூட ஒழுங்கா ஒரு வார்த்த பேசல நான்.”

கேட்டதும் மோகனப்பிரியாவின் உடம்பு கூசியது. அவள் இதுவரை வெட்கப்பட்டதெல்லாம் ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த வார்த்தை வீட்டுக்குள் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது இப்போதுதான் தெரிகிறது. போன் வந்தால் அக்கா என்று ஆசையாக எடுத்துவிட்டு, “இந்தா, உங்கிட்டத்தான் பேசோணுமாம்” என்று கிருபாசங்கர் நீட்டுவாரே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. அந்த அன்பையெல்லாம் தன் பக்கம் வாங்கி வைத்துக்கொண்டு, அக்காவுக்கு என்னைத்தான் பிடிக்கும் என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டிருக்கிறாள்.

“மன்னிச்சுக்குங்கன்னு கேக்கறதுக்குக் கூட எனக்கு வாய் வரலீங்க,” என்றாள்.

ராசாத்தாள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையில் துடைத்தபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

“உன்ற மேல கோவம் வருது. வரலைன்னா பொய்யி. இருவது வயசுல எல்லாரும் கிறுக்குத்தனம் பண்ணறதுதான். அதுக்கப்பறமும் நீ வாயத் தொறக்கல பாரு, அதுதான் எனக்கு ஆறல. பிரசவத்துக்கு வந்து உங்கூடவே கெடந்தேனே, அப்பச் சொல்லியிருக்கலாம் நீ. நானும் அவன்கிட்ட, ஏண்டா அப்படிப் பண்ணுனேன்னு ஒருக்காக் கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் வாய மூடிட்டு அவன நோகடிச்சிருக்கறோம். உன்ற கணக்க அப்பறம் வெச்சுக்கறேன் மோகனா. மொதல்ல அவன் வரட்டும்.”

கண்ணு என்று சொல்லவில்லை, மோகனா என்றுதான் சொன்னார். அது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பந்தி முடிந்தது, மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறினார்கள், கேசட் தானாக நின்றது. ரெக்கார்டர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, டிவிடிக்கு மாற்றவா என்று திரையில் கேட்டது. எந்தப் பகுதியை நீக்க வேண்டும் என்றும் கேட்டது.

“அதை வெட்டிரட்டுங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள் மோகனப்பிரியா. “வர்ஷினி கையில போறதுங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் பாப்பாங்க.”

ராசாத்தாள் அவளைப் பார்த்தார். “வெட்டறதுன்னா வெட்டிக்க. உன்ற கல்யாணம். ஆனா அதுல நானும் இருக்கறனே.”

மோகனப்பிரியா எதையும் நீக்காமல் டிவிடிக்கு மாற்றக் கொடுத்தாள். பெட்டிக்குள் டிஸ்க் சுழலத் தொடங்கியது.

ராசாத்தாள் வழக்கமாக ஏறும் பஸ் போன பிறகும் கிளம்பவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. உள்ளே வந்த கிருபாசங்கர், சோபாவில் அக்காவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். கிளம்பத் தாமதமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நான் இன்னிக்கு இங்கதான் இருக்கப் போறேன். வா சங்கரு. இங்க வந்து உக்காரு.”

அந்தப் பெயரைச் சொல்லி அக்கா கூப்பிட்டு எத்தனை காலமாயிற்றோ. கிருபாசங்கர் பள்ளிக்கூடப் பையனைப் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ராசாத்தாள் அவர் முதுகில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கிருபாசங்கரின் கண் கலங்கியது. என்ன நடந்தது என்று புரியாமல், சந்தோஷமாகவும் பயமாகவும் மனைவியைப் பார்த்தார்.

“என்ன ஆச்சு மோகனா?”

மோகனப்பிரியா ராசாத்தாளைப் பார்த்தாள்.

“அதை அவளே சொல்லுவா,” என்றார் ராசாத்தாள். குரலில் கடுமை இல்லை, உதவியும் இல்லை.

ரிமோட் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அந்த இடத்தை ஓடவிட்டால், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவளுக்காகச் சொல்லிவிடுவாள். மோகனப்பிரியா டிவியை அணைத்தாள். கணவனுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு கேமராவத் திருப்பச் சொன்னது நானுங்க,” என்றாள்.

“எந்தக் கேமரா?”

அவருக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள்.